கோவை 2010: ஒரே வழக்கில் ஒருவனுக்குத் துப்பாக்கி, இன்னொருவனுக்குத் தூக்கு

#1 சிறுவாணிக்காரன் (கோவை)

ரொம்ப வருஷமா மனசுல கிடக்கறதை எழுதறேனுங்க. நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

2010 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிஞ்சு நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. காலையில பால் வாங்கப் போறப்பவே தெருவுல சரவெடி. மிச்சம் எடுத்து வெச்ச வெடியெல்லாம் வெளிய வந்திருச்சு. என்னன்னு கேட்டா, "அவனைச் சுட்டுட்டாங்க"ன்னாங்க. எவனைன்னு சொல்ல வேண்டியதே இல்ல. அதுக்கு முந்தி பத்து நாளா ஊருக்குள்ள வேற பேச்சே கிடையாது. பத்து வயசு அக்காளும் ஏழு வயசுத் தம்பியும் ஸ்கூல் வேனுக்கு நின்னவங்க. தெரிஞ்ச டிரைவர்தானேன்னு ஏறியிருக்காங்க. அப்புறம் பி.ஏ.பி. வாய்க்கால்ல இருந்து உடம்பைத்தான் எடுத்தாங்க. அந்தப் புள்ளைக்கு நடந்ததை எழுத எனக்குக் கை வரல.

முக்குல இருக்கற பேக்கரிக்காரர் போறவங்க வர்றவங்க கையில எல்லாம் மைசூர்பாகு வெச்சாரு. நானும் வாங்கித் தின்னேன். அன்னிக்கு அது இனிச்சுதுங்க.

போலீஸ் சொன்னது இது. விசாரணைக்காக விடியக்காலம் போத்தனூர்ப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, எஸ்.ஐ.யோட துப்பாக்கியைப் புடுங்கிச் சுட்டான், ரெண்டு எஸ்.ஐ.க்குக் காயம், திருப்பிச் சுட்டதுல செத்தான்.

அதே வழக்குல கூட இருந்தவன் ஒருத்தன். அவன் மேல கேஸ் நடந்துச்சு. 2012ல கோவை மகளிர் கோர்ட் தூக்குன்னுச்சு. 2014ல ஹைகோர்ட் உறுதி பண்ணுச்சு. 2019 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, ஆனா மூணு பேர்ல ரெண்டு பேர்தான் தூக்குன்னாங்க. மூணாவது நீதிபதி குத்தம் செஞ்சான்னு ஒத்துக்கிட்டு, சாகறவரைக்கும் ஜெயில் போதும்னாரு.

குற்றம் ஒண்ணு. ஒருத்தன் கடத்துன பதினோராம் நாள் செத்தான். இன்னொருத்தன் சாகணுமா வேண்டாமான்னு ஒம்பது வருஷம் படிப்படியாப் பேசினாங்க, கடைசியிலயும் ஒரு நீதிபதி மனசு ஒத்துக்கல. என் கேள்வி ஒண்ணுதான். முதலாமவனோட சாவு தண்டனையா? தண்டனைன்னா தீர்ப்பு எழுதுனது யாரு? தற்காப்புன்னா அப்புறம் எதுக்கு மைசூர்பாகு?

#2 வேலன் (திருப்பூர்)

அண்ணா, எனக்கு ரெண்டு பொண்ணு. நேராவே சொல்றேன், அவன் செத்ததுக்கு எனக்கு இன்னிக்கும் வருத்தம் கிடையாது. கோர்ட்டு கோர்ட்டுன்னு சொல்றீங்க. டில்லி நிர்பயா கேஸ் 2012 டிசம்பர்ல நடந்துச்சு, தூக்குல போட்டது 2020 மார்ச். ஏழு வருஷம் மூணு மாசம் அந்தப் பொண்ணோட அம்மா கோர்ட் படியில நின்னாங்க. ஒவ்வொருத்தனா ஒவ்வொரு மனு போட்டான். அந்த அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?

2019ல ஹைதராபாத்ல ஒரு பொண்ணைப் பலாத்காரம் பண்ணிக் கொன்ன கேஸ்ல பிடிச்ச நாலு பேரைப் போலீஸ் சுட்டப்ப ஜனங்க போலீஸ் மேல பூத் தூவுனாங்க. அவ்வளவு ஜனமும் கெட்டவங்களா? அவங்க வலி உங்களுக்குப் புரியலன்னு அர்த்தம். எப்படியும் தூக்குல போடப்போறோம். அதை ஏழு நாள்ல செஞ்சா என்ன, ஏழு வருஷத்துல செஞ்சா என்ன?

#3 மதுரை வழக்காடி

வேலன் கடைசியில் கேட்டாரே, அதில்தான் முடிச்சு இருக்கிறது. "எப்படியும் தூக்குல போடப்போறோம்" என்பதை யார் முடிவு செய்தது?

கிரிமினல் வழக்குகளில் இருபது வருடமாக ஆஜராகிறேன், குற்றவாளிகளை நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். 'என்கவுன்டர்' என்ற சொல் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஆளின் உயிரைப் போக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. பழைய சட்டத்தில் பிரிவு 46, இப்போது புதிய சட்டத்தில் 43. சிலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள், தூக்குக்குரிய குற்றம் என்றால் சுடலாம் என்று. அப்படி இல்லை. அங்கேயும் ஓடுகிறவனைப் பிடிக்க வேறு வழியே இல்லை என்று ஆக வேண்டும். மற்றபடி போலீஸுக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தற்காப்பு உரிமைதான். தண்டிக்கிற அதிகாரம் ஐ.ஜி.க்கும் கிடையாது, கான்ஸ்டபிளுக்கும் கிடையாது.

இப்போது தூக்குக்கு வருவோம். செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தால், குற்றவாளி அப்பீல் போடாவிட்டாலும் ஹைகோர்ட் அதை உறுதி செய்தாக வேண்டும். பிறகு சுப்ரீம் கோர்ட். 1980 பச்சன் சிங் தீர்ப்புப்படி அரிதினும் அரிதான வழக்காக இருக்க வேண்டும். சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், இது 2014ல் வந்தது. கருணை மனு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் போகும். அது தள்ளுபடியாகி, தகவல் சொன்ன பிறகும் 14 நாள் இடைவெளி தர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்து வைக்கிறார்.

இத்தனை படி இருந்தும் தப்பு நடந்திருக்கிறது. நாசிக் பக்கம் 2003ல் ஒரு குடும்பத்தில் கொலையும் பாலியல் வன்முறையும். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். ஹைகோர்ட் மூன்று பேருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009ல் சுப்ரீம் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே சுப்ரீம் கோர்ட் 2019 மார்ச்சில், இவர்கள் மீது குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை என்று ஆறு பேரையும் விடுவித்து, தலைக்கு 5 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. 16 வருடம் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவன். நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமே இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு, காகிதம் எல்லாம் பார்த்து எடுத்த முடிவு இது. பிடிபட்ட வாரமே ஆறு பேரையும் ஒரு வாய்க்கால் ஓரம் கூட்டிப் போயிருந்தால், அன்றைக்கும் வெடி வெடித்திருப்பார்கள்.

ஹைதராபாத் விஷயமும் அங்கேயே முடியவில்லை. சுப்ரீம் கோர்ட் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றும், 10 போலீஸ்காரர்களைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. அறிக்கை 2022ல் வெளியானது. சுடப்பட்ட நால்வரில் மூவர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்பதும் அதில் இருக்கிறது. பூத் தூவிய நாளில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் விசாரணை.

#4 வேலன் (திருப்பூர்)

சரிங்க வக்கீல் சார். அப்ப சென்னை முகலிவாக்கம் கொலைக் கேஸ்? ஏழு வயசுப் புள்ளை. 2018ல செங்கல்பட்டுல தூக்கு, ஹைகோர்ட்டும் தூக்கு. 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் விடுதலைன்னு சொல்லிருச்சு. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. இதுக்கு என்ன பதில்?

#5 மதுரை வழக்காடி

எனக்கும் அன்றைக்கு மனசு ஆறவில்லை வேலன். ஆனால் விடுதலைக்குக் காரணம் என்ன? சாட்சியங்கள் ஒன்றோடு ஒன்று சங்கிலியாகக் கோக்கப்படவில்லை, குழந்தையையும் அவரையும் கடைசியாகச் சேர்ந்து பார்த்ததாகச் சொன்னதையும் கேமரா பதிவையும் முறையாக நிரூபிக்கவில்லை என்பதுதான். அதாவது விசாரணையில் ஓட்டை. அந்த விசாரணையைச் செய்தது யார்? கோர்ட்டில் நிற்காத அளவுக்கு வழக்கைக் கட்டுகிற அதே துறையிடம், யார் குற்றவாளி என்று முடிவு செய்து சுடுகிற வேலையையும் கொடுக்கச் சொல்கிறீர்கள். நான் கோபப்படுவது அந்த ஓட்டையின் மேல். என்கவுன்டர் வழக்கமாகிவிட்டால், ஓட்டையை அடைக்க வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்காது.

#6 ஓய்வுபெற்ற ஏட்டு (தஞ்சாவூர் மாவட்டம்)

தம்பிகளா, முப்பத்தி நாலு வருஷம் சர்வீஸ் போட்டவன் நான். எங்க ஆளுங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க.

என் கூட வேலை பார்த்த ஒருத்தன், ராத்திரி ரவுடியைப் பிடிக்கப் போன இடத்துல கழுத்துக்கு வந்த அரிவாளைக் கையால தடுத்தான். வலது கையில மூணு விரல் இன்னிக்கும் மடங்காது. அவன் பொண்ணு கல்யாணத்துல தாம்பூலத் தட்டை ரெண்டு கையால பிடிக்க முடியாம நின்னதைப் பார்த்தேன். அந்த நேரத்துல எங்க எஸ்.ஐ. சுட்டாரு, ரவுடிக்குத் தொடையில பட்டு விழுந்தான். அந்தக் குண்டு சரியான குண்டு. யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

ஆனா கைதியோட வழிக்காவல் போறதைப் பத்தி எனக்கும் தெரியும். பிஸ்டலுக்கு ஒரு கயிறு உண்டு, பெல்ட்டோட சேர்த்து மாட்டியிருப்போம், சண்டையில கை நழுவினாலும் துப்பாக்கி போகக் கூடாதுன்னு. கைதிக்கு எந்தப் பக்கம் உட்காரணும், துப்பாக்கி எந்த இடுப்புல இருக்கணும், எல்லாம் ட்ரெயினிங்ல அடிச்சுச் சொல்லித் தருவாங்க. கைதி தப்பிச்சாலே வேலை போயிரும். அப்படி இருக்கறப்ப ஊரு ஊரா, வருஷா வருஷம், ஒரே மாதிரி விடியக்காலம், ஒரே மாதிரி துப்பாக்கியைப் புடுங்கினான்னு எழுதறப்ப, ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்த எனக்கு அந்த எஃப்.ஐ.ஆர். வரி மனப்பாடம் ஆயிருச்சு. முதல்ல யார் மேல கேஸ் போடுவாங்கன்னு நினைக்கறீங்க? செத்தவன் மேல. கொலை முயற்சின்னு. அவன் வந்து மறுக்கவா போறான்?

இன்னொண்ணு. தூக்குல போடறதுன்னா லீவரை இழுக்கற ஆளுக்கு மேல ஜட்ஜு இருக்காரு, ஜனாதிபதி இருக்காரு. அவன் பாரத்தை அவங்க மேல இறக்கி வைக்கலாம். இங்க மேல இருந்து வர்றது வாய் வார்த்தை. பேப்பர் கிடையாது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சுட்டவன் மட்டும்தான் நிப்பான்.

வயநாட்டு வர்கீஸ் கேஸ் ஞாபகம் இருக்கா? 1970 பிப்ரவரியில திருநெல்லிக் காட்டுல நக்சலைட் வர்கீஸ் மோதல்ல செத்தான்னு எழுதி முடிச்சாங்க. 28 வருஷம் கழிச்சு, 1998ல, ராமச்சந்திரன் நாயர்னு ஒரு ரிடையர்டு கான்ஸ்டபிள் வெளிய வந்து, பிடிபட்ட ஆளை நான்தான் சுட்டேன், சுடலன்னா உன்னைச் சுடுவோம்னு மேலதிகாரி மிரட்டினாருன்னு சொன்னாரு. கேஸ் நடக்கறப்பவே 2006ல அவர் செத்துட்டாரு. 2010ல, ஐ.ஜி.யா ரிடையர் ஆன லட்சுமணாவுக்கு சி.பி.ஐ. கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. 40 வருஷம். அந்தச் செய்தியை நான் ஸ்டேஷன் பாரா டூட்டியில உட்கார்ந்து படிச்சேன். அந்தக் கான்ஸ்டபிள் 28 வருஷம் எப்படிச் சோறு தின்னிருப்பாருன்னு அன்னிலேர்ந்து நினைக்கறேன்.

#7 ஜவ்வாது மலையான்

ஏட்டய்யா மனசு திறந்து எழுதினதுக்கு நன்றிங்கய்யா.

எங்க பக்கத்துக் கணக்கு ஒண்ணு சொல்றேன், முதல்ல தூக்குக் கணக்கைப் பாருங்க. 2000க்கு அப்புறம் இந்தியா முழுக்கத் தூக்குல போட்டது மொத்தம் 8 பேர். 2004ல ஒருத்தர், 2012, 2013, 2015ல ஒவ்வொருத்தர், 2020ல நாலு பேர்.

இப்ப எங்க கணக்கு. 2015 ஏப்ரல் 7, ஆந்திராவுல சேஷாசலம் காடு. ஒரே விடியக்காலையில 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. எல்லாம் திருவண்ணாமலை, தருமபுரின்னு நம்ம பக்கத்துக் கூலியாளுங்க. செம்மரம் வெட்ட வந்து கல்லும் கோடாலியும் வீசினாங்கன்னு ஆந்திரா போலீஸ் சொல்லுச்சு. தப்பி வந்த ஒருத்தர் சொன்னது வேற. பஸ்ல வந்தவங்களை இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க, நான் ஒரு பொம்பளை பக்கத்துல உட்கார்ந்திருந்ததால புருஷன் பொண்டாட்டின்னு நினைச்சு விட்டுட்டாங்கன்னு சொன்னாரு. ஒரு சீட்டு மாறி உட்கார்ந்திருந்தா 21.

செம்மரம் வெட்டினா எந்தச் சட்டத்துல தூக்கு இருக்கு? கோர்ட்டுக்குப் போயிருந்தா சில வருஷம் ஜெயில், அபராதம். மலையில சாமையும் வரகும் போதாதுன்னு மேஸ்திரி பேச்சைக் கேட்டு ஏறிப் போனவங்க. அவங்களுக்கு யாரும் அரிதினும் அரிதுன்னு விவாதம் பண்ணல.

வேலன் அண்ணே, குழந்தையைக் கொன்னவனுக்காக நீங்க சரின்னு சொல்ற துப்பாக்கிதான் எங்க ஆளுங்களையும் சுட்டுச்சு. அது ஆள் பார்த்துப் பிரிக்காதுண்ணே.

#8 ஹூஸ்டன் தமிழ்

நான் இருக்கிற டெக்சாஸ் மரண தண்டனைக்குப் பேர்போன மாநிலம். இங்கே ஒவ்வொரு தண்டனைக்கு முன்பும் சிறை வாசலில் மெழுகுவத்தி ஏந்தி ஆட்கள் நிற்பார்கள், கடைசி நிமிடம் வரை மனு ஓடும். 2024ல் அமெரிக்கா முழுக்க மரண தண்டனை நிறைவேறியது 25 பேருக்கு. போலீஸ் சுட்டுச் சாகிறவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டி. அதில் கணிசமானவை நிஜமாகவே துப்பாக்கி ஏந்தியவர்களோடு நடந்தவை, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவில்லை. ஆனால் அந்த ஆயிரம் பேருக்கு யாரும் மெழுகுவத்தி ஏந்துவதற்கு நேரமே இல்லை.

1974ல் மெம்ஃபிஸில் 15 வயதுப் பையன் ஒருவன் ஒரு வீட்டில் 10 டாலரும் ஒரு பர்ஸும் எடுத்துக்கொண்டு வேலியில் ஏறினான். ஆயுதம் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்தும் போலீஸ்காரர் பின்னந்தலையில் சுட்டார். அன்றைய டென்னசி சட்டம் அதை அனுமதித்தது. 1985ல்தான் உச்ச நீதிமன்றம், ஓடுகிறவனால் பிறர் உயிருக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தாலொழிய சுடக்கூடாது என்றது. அந்தத் திருட்டுக்குக் கோர்ட்டில் மரண தண்டனை கேட்டிருக்கவே முடியாது.

#9 தாமிரபரணி மகள் (தூத்துக்குடி)

நான் தூக்கு தண்டனையை எதிர்க்கிறவள். இந்த இழையில் ஒரு விஷயம் மட்டும் கலங்கிக் கிடக்கிற மாதிரி தோணுது, அதைப் பிரிச்சுச் சொல்றேன்.

நிஜமான தற்காப்பு, ஏட்டய்யா சொன்ன அரிவாள் மாதிரி, தூக்கை விட நியாயமானது. அந்த நொடியில எதிர்ல உள்ளவன் கொல்ல வாரான், வேற வழியில்ல. தூக்கு மேடையில நிக்கிறவன் கை பின்னால கட்டியிருக்கு, முகத்துல துணி, வருஷக்கணக்கா அடைச்சு வச்சிருக்கோம். அவனால யாருக்கும் அந்த நிமிஷத்துல ஆபத்து இல்ல. பீகார் பக்சர் ஜெயில்ல கயிறு திரிச்சு, எடைக்கு ஏத்த மாதிரி நீளம் பார்த்துக் கொல்லுதோம். அது எனக்குப் பொறுக்கல. போலி என்கவுன்டர்ல ரெண்டு கேடும் சேந்து வருது. அவனும் கட்டுக்குள்ள இருக்கிறவன்தான், அவனைக் கொன்னுட்டுத் தற்காப்புன்னு எழுதுதாங்க. மேல்முறையீடும் கிடையாது.

2011ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல, போலி என்கவுன்டர் செய்யிற போலீஸ்காரங்களுக்கு அதை அரிதினும் அரிதா எடுத்துத் தூக்கே போடணும்னு சொல்லிச்சு. எனக்கு அதுவும் வேண்டாம். விசாரிங்க, ஆயுசு முழுக்க உள்ள வைங்க. கொல்லாதீங்க.

எங்க ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லாம முடிக்க முடியாது. 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன கூட்டம். போலீஸ் சுட்டுச்சு. 13 பேர் செத்தாங்க. ஒரு பிள்ளைக்கு 17 வயசு. எந்தக் கேசுலயும் குற்றவாளிங்க இல்ல. அருணா ஜெகதீசன் ஆணையம், தேவையே இல்லாத துப்பாக்கிச் சூடுன்னு சொல்லி 17 போலீஸ் அதிகாரிங்க, காவலர்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லிச்சு. அன்னைக்கு ராத்திரி அரசு ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்னேன். செருப்பை மட்டும் கையில வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, ஒத்தைச் செருப்பு. மத்ததை யாராவது பாத்தீங்களான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டாங்க.

#10 சிறுவாணிக்காரன் (கோவை)

ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிக்கறேனுங்க.

எங்க ஊர்க் கேஸ்ல இன்னொண்ணு இருக்கு. யார் என்ன செஞ்சான், எவன் திட்டம் போட்டான், எவன் கூட நின்னான்னு சொல்லக்கூடியவங்க ரெண்டே பேர். ஒருத்தனைச் சுட்டதால, இன்னொருத்தன் சொன்னதை எதோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமப் போயிருச்சு. மாஜிஸ்திரேட்கிட்ட ஒப்புதல் கொடுத்தான், அப்புறம் அதை மாத்தினான். குழந்தைகளோட கடைசி மணி நேரம் பத்தி அப்பன் ஆத்தாவுக்கு முழு உண்மை வேணும்னா, உயிரோட ரெண்டு பேர் கூண்டுல நின்னிருக்கணும்.

#11 மதுரை வழக்காடி

அந்த வழக்கின் தீர்ப்பை நானும் படித்தேன். 2019ல் அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி நாரிமன். 2014 செப்டம்பரில் தலைமை நீதிபதி லோதாவோடு அமர்ந்து என்கவுன்டர் மரணங்களுக்கு 16 நெறிமுறைகள் சொன்னதும் அவர்தான். வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் தரக்கூடாது. எழுதியாயிற்று. 2024 ஜூலையில், பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் சரணடைந்த ஒருவரை, ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப் போன இடத்தில், மாதவரம் பக்கம் சுட்டார்கள். சரணடைந்தவர், விடியற்காலை. ஏட்டய்யா சொன்ன அதே வரி.

#12 வேலன் (திருப்பூர்)

அந்த ஆளு செத்ததுக்கு எனக்கு வருத்தம் வரல, வரவும் வராது. அதை மாத்திச் சொன்னா பொய். ஆனா சேஷாசலம் 20 பேர் எனக்குத் தெரியாம இல்ல, யோசிக்காம விட்டுட்டேன். எங்க பனியன் கம்பெனியிலயே ஜவ்வாது மலைப் பசங்க நாலு பேர் செக்கிங்ல இருக்காங்க. ஒருத்தன்கிட்ட இன்னிக்கு டீ குடிக்கறப்ப கேட்டேன். அவன் மாமன் ஊர்ல அப்ப ரெண்டு பொணம் வந்துச்சாம். அதுக்கு மேல அவனும் சொல்லல, நானும் கேக்கல.

வக்கீல் சார், ஒரு சந்தேகம். மாஜிஸ்திரேட் விசாரணைன்னு சொன்னீங்க, கோட்டாட்சியர் விசாரணை அறிக்கைன்னும் சொல்றாங்களே, அதை நம்மள மாதிரி ஆளுங்க வாங்கிப் படிக்க முடியுமா?

#13 மதுரை வழக்காடி

கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். சம்பவ தேதி, இடம் சரியாக இருக்கட்டும். "ஏன் சுட்டீர்கள்" என்று கேட்காதீர்கள், விளக்கம் கேட்டால் தள்ளிவிடுவார்கள். "விசாரணை அறிக்கையின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

#14 சிறுவாணிக்காரன் (கோவை)

2010 நவம்பர் 9 சம்பவத்துக்கு நான் போடறேனுங்க. மனு எழுதிட்டேன், திங்கக்கிழமை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பறேன். என்ன பதில் வந்தாலும், மறுத்தாலும், அதை அப்படியே இங்க ஒட்டறேன்.